பதிவுக்குள் மொழிக்கு ஒரு தலைப்பு, மொழிக்கு ஒரு விளக்கம்: எங்கே வைப்பது, எப்படிக் காப்பது?

#1 மரப்பாச்சி

வணக்கம். ஓர் அருங்காட்சியகத்தின் பொருள் பட்டியலுக்கான வலைச்செயலியைக் கவனித்துக்கொள்கிறேன். ரெயில்ஸ் கட்டமைப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். சுமார் 4,000 பொருள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பு, சுருக்கம், விரிவான விளக்கம், பட விளக்கம், பொறிப்பு, ஸ்லக் (பக்க முகவரியில் வரும் பெயர்) என்று ஆறு புலங்கள் மொழிக்கு மொழி மாறுபவை.

தொடக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் மட்டும்தான். அதனால் புலத்துக்கு இரண்டு நெடுவரிசை என்று 12 வைத்தோம். பிறகு பிரெஞ்சு வந்தது, 18 ஆனது. இப்போது அரபியும் வேண்டும் என்கிறார்கள், 24 ஆகப்போகிறது. ஒவ்வொரு முறையும் மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பு மாற்றம்), படிவம், ஏபிஐ, எக்ஸ்போர்ட் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கிறது.

அது தொல்லைதான். ஆனால் என்னை இங்கே எழுத வைத்தது வேறு விஷயம். எந்த மொழியில் எத்தனை பதிவுகள் முடிந்தன என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதில் பிரெஞ்சு 100 சதவீதம் என்று வந்தது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்களோ இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது என்கிறார்கள். திறந்து பார்த்தால் பிரெஞ்சு நெடுவரிசைகளில் நூற்றுக்கணக்கான பதிவுகளுக்கு ஆங்கில உரை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு நாள் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். “தலைப்பு” என்று கேட்டால் அப்போதைய மொழியின் நெடுவரிசையைப் படிக்கும், அது காலியாக இருந்தால் ஆங்கிலத்தைத் தரும் மெத்தட் ஒன்றை எழுதியிருந்தோம். பொதுப் பக்கத்துக்காக எழுதியது. திருத்தும் படிவமும் அதையே பயன்படுத்தியிருக்கிறது. பிரெஞ்சு இடைமுகத்தில் இருந்த ஒருவர் பொருளின் உயரத்தை மட்டும் திருத்திச் சேமித்தால், படிவத்தில் ஃபால்பேக்காக, அதாவது இல்லாததற்கு மாற்றாக, வந்து நின்ற ஆங்கில உரை முழுவதும் பிரெஞ்சாகச் சேமிக்கப்பட்டுவிடும்.

மூன்று கேள்விகள். மொழிக்குரிய மதிப்புகளை எங்கே வைப்பது நல்லது? இந்த மாதிரி கலப்பு மறுபடியும் நேராமல் எப்படித் தடுப்பது? ஏற்கனவே கலந்தவற்றை எப்படிப் பிரித்தெடுப்பது? மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர்களின் உண்மையான உழைப்பும் அதே நெடுவரிசைகளில்தான் இருக்கிறது.

#2 நள்ளிரவு_நிரல்

போஸ்ட்கிரெஸ் என்றால் ஜேசன்பிக்கு (JSONB, ஒரே நெடுவரிசைக்குள் சாவி-மதிப்பு இணைகளை வைக்கும் வகை) போய்விடுங்கள். 9.4 பதிப்பிலிருந்தே, அதாவது 2014 முதல், இருக்கிறது. புலத்துக்கு ஒரு நெடுவரிசை, உள்ளே மொழிக்குறி சாவி, உரை மதிப்பு. அரபி சேர்க்க மைக்ரேஷனே தேவையில்லை. ரெயில்ஸில் மோபிலிட்டி ஜெம் இதை நேரடியாகச் செய்யும். லாராவெலில் ஸ்பாட்டியின் டிரான்ஸ்லேட்டபிள் தொகுப்பும் இதே வழிதான். ஜாயின் (டேபிள்களை இணைத்துப் படிப்பது) கிடையாது, ஒரே வரிசையில் எல்லாம் வந்துவிடும்.

#3 வரிசைஎண்

நான் மாற்றுக்கருத்து சொல்கிறேன். தனி மொழிபெயர்ப்பு டேபிள்தான் உங்களுக்குப் பொருந்தும், மரப்பாச்சி. பொருள் எண், மொழிக்குறி, தலைப்பு, சுருக்கம், மற்றவை. பொருளும் மொழியும் சேர்ந்து யுனீக், அதாவது அதே இணை இரண்டு முறை வராது. மொழியும் ஸ்லக்கும் சேர்ந்து இன்னொரு யுனீக்.

காரணம், உங்கள் பிரச்சினையே உரையைப் பற்றியது மட்டும் அல்ல. ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றிய தகவல்களும் உங்களுக்கு வேண்டும்: யார் எழுதியது, எப்போது, சரிபார்த்தாயிற்றா, வெளியிடலாமா, மூலத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதியது. தனி வரிசை இருந்தால் இதெல்லாம் அந்த வரிசையின் நெடுவரிசைகள். ஜேசன்பியில் இதை வைக்கப்போனால் உரை இருந்த இடத்தில் ஒரு சாவி-மதிப்புத் தொகுப்பு முளைக்கும், அதற்குள் இன்னொன்று முளைக்கும், கடைசியில் டேபிள் செய்ய வேண்டிய வேலையைக் கையால் செய்துகொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரும் அரபி மொழிபெயர்ப்பாளரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். செயலி முழு ஜேசனையும் படித்து, ஒரு சாவியை மாற்றி, முழுவதையும் திருப்பி எழுதுகிறது. இரண்டாவதாகச் சேமித்தவர் முதலாமவரின் வேலையை அழித்துவிடுவார், பிழைச் செய்தியே வராது. நான் பார்த்த ஒரு திட்டத்தில் இது மூன்று மாதம் யாருக்கும் தெரியாமல் நடந்தது. வேலையை இழந்தவர் தான்தான் சேமிக்க மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நெடுவரிசை வழியும் தவறில்லை. மொழிகள் இரண்டு, இனி கூடாது என்றால் அதுதான் எளிமை. ஜாங்கோவில் மாடல்டிரான்ஸ்லேஷன் அப்படித்தான் செய்கிறது. பார்லர் தனி டேபிள் வழி. நீங்கள் நான்காவது மொழிக்கு வந்துவிட்டீர்கள், அந்த எளிமை முடிந்துவிட்டது.

#4 கீழ்வானம்

இருவர் சொல்வதும் சரி. ஆனால் மரப்பாச்சிக்கு நேர்ந்தது எந்தச் சேமிப்பு வழியிலும் நேரும். ஜேசன்பியில் இருந்திருந்தாலும் தனி டேபிளில் இருந்திருந்தாலும் அந்தப் படிவம் அதே ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக எழுதியிருக்கும். அதனால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

ஃபால்பேக் என்பது காட்டும் நேரத்து முடிவு. வாசகருக்கு வெற்றுப் பக்கம் காட்டுவதைவிட வேறு மொழியில் இருப்பதைக் காட்டலாம் என்று நாம் எடுக்கும் முடிவு, அவ்வளவே. அது தரவின் பகுதி அல்ல. எனவே படிப்பதற்கு இரண்டு வாசல் வேண்டும். ஒன்று, இந்த மொழியில் உள்ளதை உள்ளபடி தருவது, இல்லையென்றால் இல்லை என்று சொல்வது. படிவம், நிறைவு கணக்கு, எக்ஸ்போர்ட், தேடல் இண்டெக்ஸ், சரிபார்ப்பு எல்லாம் இதைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, வாசகருக்குக் காட்டுவதற்கானது. அது மட்டும்தான் ஃபால்பேக் சங்கிலியைப் பார்க்கலாம்.

பெயரையும் மாற்றுங்கள். வெறும் “தலைப்பு” என்ற மெத்தட் ஃபால்பேக் தரக்கூடாது. “காட்டும்_தலைப்பு” என்று நீளமாக எழுதினால்தான் ஃபால்பேக் வரும் என்று வையுங்கள். எழுதும்போதே கை ஒரு நொடி நின்று யோசிக்கும். படிவத்தில் ஆங்கில மூலம் மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால், பெட்டிக்குப் பக்கத்தில் படிக்க மட்டும் முடிகிற உரையாகக் காட்டுங்கள், பெட்டிக்குள் நிரப்பாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் ஆறு புலங்களையும் ஒரே மாதிரி “மொழிக்கு மொழி மாறுபவை” என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதில் ஐயம். ஒரு பதிவின் புலங்களை நான் நான்காகப் பிரித்துப் பார்ப்பேன்.

எந்த மொழியிலும் மாறாதவை: பதிவெண், உயரம், எடை, கண்டெடுத்த ஆண்டு. காட்டும் வடிவம் மாறலாம், மதிப்பு ஒன்றுதான்.

மொழிபெயர்க்கப்படுபவை: தலைப்பு, சுருக்கம், விளக்கம், பட விளக்கம். இவைதான் உண்மையில் மொழிபெயர்ப்பு டேபிளுக்குப் போக வேண்டியவை.

குறியீடாக இருக்க வேண்டியவை: வெண்கலம், சுடுமண், பருத்தி போன்ற பொருள்வகைகள். “வெண்கலம்” என்ற சொல்லைப் பதிவில் எழுதக்கூடாது. பதிவில் ஓர் எண் இருக்க வேண்டும், அந்த எண்ணுக்கு மொழிக்கு ஒரு பெயர் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காவதைத்தான் பலரும் தவறவிடுகிறோம்: தனக்கென்று ஒரு மொழி உள்ளவை. உங்கள் பொறிப்பு அதுதான். ஒரு நாணயத்தில் பிரெஞ்சில் எழுதியிருந்தால், தமிழ் வாசகர் பார்த்தாலும் அரபி வாசகர் பார்த்தாலும் அந்த எழுத்து பிரெஞ்சுதான். அதன் மொழி, இடைமுகத்தின் மொழியைப் பொறுத்தது அல்ல, அந்தப் பொருளைப் பற்றிய ஓர் உண்மை. அதற்குப் பொறிப்பு உரை, பொறிப்பு மொழி என்று இரண்டு புலம், பதிவிலேயே. அதன் பொருளுரை வேண்டுமானால் அது தனியாக மொழிபெயர்க்கப்படும் புலம்.

#5 மரப்பாச்சி

//உங்கள் பொறிப்பு அதுதான்//

இதைப் படித்துவிட்டுப் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். தமிழ்ப் பொறிப்புகளில் தமிழ் நெடுவரிசையில் மூல எழுத்தும், ஆங்கில நெடுவரிசையில் அதன் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. பிரெஞ்சுப் பதக்கங்களில் மூல எழுத்து சிலவற்றில் தமிழ் நெடுவரிசையில், சிலவற்றில் ஆங்கில நெடுவரிசையில் இருக்கிறது. லத்தீன் பொறிப்பு உள்ளவை சில. அவற்றை மூன்று நெடுவரிசைகளிலும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பதிவு செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது, எங்கே எழுதுவது என்று நாங்கள் இடமே தரவில்லை.

பொருள்வகையும் நீங்கள் சொன்ன மாதிரிதான், உரையாகவே இருக்கிறது. “வெண்கலம்”, “வெண்கலச் சிலை”, “செம்புக் கலவை” எல்லாம் கலந்து கிடக்கிறது. அதற்கு முன்மாதிரி ஏதும் உண்டா?

#6 கீழ்வானம்

விக்கித்தரவின் அமைப்பைப் பாருங்கள். 2012 அக்டோபரில் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் மொழி சாராத ஓர் எண் இருக்கும். அதற்கு மொழிக்கு ஒரு பெயர், மொழிக்கு ஒரு சிறு விளக்கம், மொழிக்குப் பல மாற்றுப் பெயர்கள். உறவுகள் எல்லாம் எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில்தான், பெயர்களுக்கு இடையில் அல்ல. அதனால் ஒருவர் தமிழ்ப் பெயரைத் திருத்தினால் வேறு எதுவும் அசையாது.

மாற்றுப் பெயர்களை மறக்காதீர்கள். “வெண்கலம்” என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற சொற்களைத் தூக்கி எறிந்தால், அந்தச் சொல்லைத் தேடி வருபவர் வெறுங்கையோடு போவார். மாற்றுப் பெயர் பட்டியலில் வைத்தால் தேடலில் அகப்படும்.

இடப்பெயர், ஆள்பெயர் பற்றியும் ஒரு சொல். அவை மொழிபெயர்ப்பு அல்ல, எழுத்துப்பெயர்ப்பு. நன்கொடையாளர் தம் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறாரோ அப்படித்தான் இருக்க வேண்டும். தானியங்கி எழுத்துப்பெயர்ப்பை அதன் மேல் ஓடவிடாதீர்கள். ஒருவரின் பெயரைத் தப்பாக எழுதுவது சின்னப் பிழை அல்ல.

#7 நள்ளிரவு_நிரல்

வரிசைஎண் சொன்ன மேலெழுதும் பிரச்சினையை ஒப்புக்கொள்கிறேன். ஜேசன்பி_செட் கொண்டு ஒரே அப்டேட்டில் ஒரு சாவியை மட்டும் மாற்றினால் அது வராது. வரிசைப் பூட்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான ஓஆர்எம்கள் (நிரலையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் நூலகங்கள்) இயல்பாக முழு மதிப்பையும்தான் திருப்பி எழுதுகின்றன, அதைக் கவனிக்காமல் விட்டால் அவர் சொன்னது நடக்கும்.

கலந்து செய்யலாம் என்று தோன்றுகிறது. பொருள்களுக்குத் தனி மொழிபெயர்ப்பு டேபிள். பொருள்வகை போன்ற சின்னச் சொற்பட்டியல்களுக்கு ஜேசன்பி. அங்கே நிலை, சரிபார்ப்பு எதுவும் வேண்டாம், மொத்தமே சில நூறு வரிசை, ஒருவர்தான் திருத்துவார். அங்கே ஜாயின் போடுவது வீண்.

தனி டேபிள் எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியல் பக்கத்தில் 50 பொருள் காட்டும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மொழிபெயர்ப்பு வரிசையைக் கேட்டால் 51 குவெரி (தரவுத்தளக் கேள்வி) ஓடும். முன்கூட்டியே ஏற்றுங்கள். ஏற்றும்போதும் எல்லா மொழியையும் ஏற்ற வேண்டாம், கேட்ட மொழியும் ஃபால்பேக் மொழியும் போதும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ரெயில்ஸில் லோகேலை (நடப்பு மொழி அமைப்பை) கோரிக்கையின் தொடக்கத்தில் நேராக மாற்றிவிட்டு அப்படியே விட்டால், அதே திரெட்டில் வரும் அடுத்த கோரிக்கைக்கும் அந்த மொழி ஒட்டிக்கொண்டு வரலாம். ரெயில்ஸ் வழிகாட்டியே அதை எச்சரித்து, கோரிக்கையைச் சுற்றி வித்_லோகேல் போடச் சொல்கிறது. பின்னணி வேலைகளில் கோரிக்கையின் மொழி தானாக வரும் என்று நம்பாதீர்கள், மொழியை அளவுருவாகவே அனுப்புங்கள். மரப்பாச்சி, உங்கள் கலப்பில் கொஞ்சம் இதனாலும் வந்திருக்கலாம். அரபி சேர்ப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

#8 திரைவாசி

முன்முனைப் பக்கத்திலிருந்து, அதாவது உலாவியில் தெரியும் பகுதியை எழுதுபவரிடமிருந்து, ஒரு வேண்டுகோள். காட்டும் மெத்தட் உரையை மட்டும் தரக்கூடாது. உரையையும் அது எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத் தர வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். பிரெஞ்சுப் பக்கத்தில் ஃபால்பேக்காக ஆங்கில விளக்கம் வருகிறது. பக்கத்தின் மொழியைக் குறிக்கும் லாங் (lang) பண்பு பிரெஞ்சு என்று சொல்கிறது. திரைவாசிப்பான் அந்த ஆங்கில வாக்கியங்களைப் பிரெஞ்சு உச்சரிப்பில் படிக்கும். கேட்பவருக்கு ஒரு சொல்லும் புரியாது. வெப் அணுகல் வழிகாட்டுதல்களில் 3.1.1 பக்கத்தின் மொழியைச் சொல்லச் சொல்கிறது, அது ஏ நிலை. 3.1.2 பக்கத்துக்குள் வேறு மொழியில் வரும் பகுதிகளையும் குறிக்கச் சொல்கிறது, அது ஏஏ நிலை. முன்முனைக்கு மொழிக்குறி வந்தால்தான் நான் அந்த உறுப்பில் லாங் போட முடியும். பின்முனை உரையை மட்டும் அனுப்பிவிட்டால் அது எந்த மொழி என்று நான் ஊகிக்கத்தான் வேண்டும்.

அரபி வந்தால் இது இன்னும் கடினமாகும். அரபிப் பக்கம் வலமிருந்து இடம். அதில் ஃபால்பேக்காக ஆங்கில வரி வந்தால் அதன் திசை இடமிருந்து வலம் என்று தனியாகக் குறிக்க வேண்டும். இல்லையென்றால் வரியின் கடைசி முற்றுப்புள்ளி தவறான ஓரத்தில் போய் நிற்கும், அடைப்புக்குறிகள் திரும்பிக்கொள்ளும். கீழ்வானம் சொன்ன பொறிப்புப் புலத்துக்கும் இதே கதைதான். பொறிப்பு மொழி பதிவிலேயே இருந்தால் அதிலிருந்து திசையும் எழுத்துருவும் எடுத்துக்கொள்வேன்.

எச்ரெஃப்லாங் (ஒரு பக்கம் எந்தெந்த மொழிகளில் உண்டு என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) விஷயத்தையும் பாருங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இல்லாத பொருளுக்குப் பிரெஞ்சுப் பக்கம் இருப்பதாகத் தேடுபொறிக்கு அறிவிக்காதீர்கள். உள்ளபடி படிக்கும் வாசலைக் கேட்டு, உரை உண்மையில் இருக்கும் மொழிகளை மட்டும் பட்டியலிடுங்கள். கேஷ் சாவியிலும் மொழி இருக்க வேண்டும். உலாவி அனுப்பும் மொழி விருப்பமான அக்செப்ட்-லாங்குவேஜைப் பார்த்து ஒரே முகவரியில் வேறு வேறு மொழி தருகிறீர்கள் என்றால், பதிலில் வேரி (Vary) என்ற ஹெட்டரும் வேண்டும். முகவரியிலேயே மொழிக்குறி வைத்துவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும்.

#9 அகரமுதலி

வரிசைப்படுத்தலைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் நெருக்கமான விஷயம்.

யூனிகோடு எண் வரிசையில் தமிழை அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை கிடைக்காது. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் ன கடைசி. அதனால் எண் வரிசையில் “கனவு” முதலிலும் “கமலம்” அடுத்தும் வரும், அகராதியில் கமலம்தான் முதலில். புள்ளியும் அப்படித்தான். யூனிகோடில் புள்ளியின் எண் மெய்யெழுத்துகளின் எண்ணைவிடப் பெரியது. ஆகவே “கணக்கு” முதலில் வந்து “கண்” பின்னால் தள்ளப்படும். அகராதியில் ண் முடிந்த பிறகுதான் ண.

போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியு (ICU) நூலகத்தின் ஒப்புமுறைகளை, அதாவது மொழிக்கேற்ற வரிசை விதிகளை, பயன்படுத்த முடிகிறது. தமிழுக்கான ஒப்புமுறை அதில் இருக்கிறது. ஆனால் தனி மொழிபெயர்ப்பு டேபிளில் ஒரே தலைப்பு நெடுவரிசையில் எல்லா மொழியும் கலந்திருக்கும், எனவே நெடுவரிசைக்கு ஓர் ஒப்புமுறை என்று நிலையாக வைக்க முடியாது. வரிசைப்படுத்தும் குவெரியில் சொல்ல வேண்டும். ஒப்புமுறைப் பெயரை அளவுருவாக அனுப்ப முடியாது, அது அடையாளப் பெயர். பயனர் தந்த மொழிக்குறியை நேராக ஒட்டாமல், நீங்கள் எழுதி வைத்த பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். வேகம் வேண்டும் என்றால் மொழிக்கு ஒரு பகுதி இண்டெக்ஸ்: தமிழ் வரிசைகளுக்கு மட்டும் தமிழ் ஒப்புமுறையில் ஒன்று, பிரெஞ்சுக்கு ஒன்று.

பிறகு இயல்பாக்கம். “கொ” என்ற எழுத்தை க-வும் ஒற்றை ஒகரக் குறியும் கொண்டு எழுதலாம். க, எகரக் குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுக்கு வேறு. பழைய கோப்புகளிலிருந்து இறக்குமதி செய்தால் இரண்டாவது வகை வந்து சேரும். யுனீக் விதி அதைப் பிடிக்காது, தேடலும் பிடிக்காது. சேமிக்கும் முன் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் 13-இல் அதற்கான ஃபங்ஷன் உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் ஔ என்பதை ஒ-வும் ள-வுமாகத் தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சி திருத்தாது, அது யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டு எழுத்து. அதற்குத் தனியாகச் சோதனை எழுதினோம், ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மாற்றுவோம்.

முழு உரைத் தேடலுக்கு: போஸ்ட்கிரெஸ் 12-இல் தமிழுக்கான சொல்வேர் பிரிப்பி சேர்க்கப்பட்டது. வரிசைக்கு வரிசை வேறு தேடல் அமைப்பு என்று ஒரு நெடுவரிசையில் வைத்து, அதைக் கொண்டு இண்டெக்ஸ் செய்யலாம். பிரெஞ்சு உரையைப் பிரெஞ்சு விதியிலும் தமிழைத் தமிழ் விதியிலும் பிரிக்க அது உதவும். உங்கள் கலப்பு இங்கேயும் கேடு செய்திருக்கும், மரப்பாச்சி. பிரெஞ்சு என்று குறிக்கப்பட்ட ஆங்கில உரையைப் பிரெஞ்சு விதியில் வெட்டியிருக்கும்.

தமிழ் ஸ்லக் வைப்பதில் தயங்க வேண்டாம் என்பது என் கருத்து. நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு யூனிகோடு எழுத்தும் சதவீதக் குறியோடு ஒன்பது குறிகளாக விரியும், அது உண்மை. நீளத்தைக் கட்டுப்படுத்துங்கள், முகவரியில் பதிவெண்ணையும் சேர்த்து வையுங்கள். ஸ்லக் மாறினாலும் எண் கொண்டு பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம்.

#10 மரப்பாச்சி

எல்லோருக்கும் நன்றி. தனி டேபிள், சொற்பட்டியலுக்கு ஜேசன்பி, பொறிப்பு பதிவுக்குள் என்று முடிவு செய்துவிட்டேன். படிவத்தை நேற்றே சரிசெய்து வெளியிட்டாயிற்று, இனிப் புதிதாகக் கலக்காது.

பழையதைப் பிரிப்பதுதான் பாக்கி. பிரெஞ்சும் ஆங்கிலமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் பிரெஞ்சை அழிக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு தடை. சில தலைப்புகள் வெறும் பெயர்ச்சொற்கள், இரண்டு மொழியிலும் ஒன்றாக இருப்பதுதான் சரி. அப்புறம், கலந்த பிறகு ஆங்கிலத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பிரெஞ்சு நெடுவரிசையில் பழைய ஆங்கிலம், ஆங்கில நெடுவரிசையில் புதிய ஆங்கிலம். ஒப்பிட்டால் வேறு என்றுதான் வரும்.

#11 வரிசைஎண்

மாற்ற வரலாறு வைத்திருக்கிறீர்களா? பேப்பர்டிரெயில் மாதிரி ஏதாவது இருந்தால் வழி இருக்கிறது. இப்போதைய ஆங்கிலத்தோடு ஒப்பிடாதீர்கள். பிரெஞ்சு நெடுவரிசை எந்தச் சேமிப்பில் காலியிலிருந்து நிரம்பியதோ, அந்த நொடியில் ஆங்கிலம் என்னவாக இருந்தது என்று வரலாற்றிலிருந்து எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். ஒரே சேமிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் புலங்கள் ஒன்றாக நிரம்பி, எல்லாமே அப்போதைய ஆங்கிலத்துக்குச் சமமாக இருந்தால் அது படிவம் எழுதியது. நீளமான விளக்கம் இரண்டு மொழியில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை, அது உறுதியான சான்று. தலைப்பு மட்டும் சமமாக இருந்தால் சான்று போதாது, அதை ஆளிடம் காட்டுங்கள்.

எதையும் அழிக்காதீர்கள். புதிய டேபிளில் நிலை என்று ஒரு நெடுவரிசை இருக்கும் அல்லவா, உறுதியானவற்றைப் புது டேபிளுக்கு நகர்த்தாமல் விடுங்கள், ஐயமானவற்றைச் “சரிபார்க்கவும்” என்ற நிலையோடு நகர்த்துங்கள். பழைய நெடுவரிசைகளைச் சில மாதம் படிக்க மட்டும் என்று வைத்திருங்கள்.

//மூலத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதியது// என்று முன்பு சொன்னதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஆங்கில விளக்கம் மாறும்போது அதன் பதிப்பெண் ஏறும். பிரெஞ்சு வரிசை பழைய பதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது பழசாகிவிட்டது என்று தெரியும். இடைமுகச் சொற்களை மொழிபெயர்க்கும் கெட்டெக்ஸ்ட் கோப்புகளில், மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஃபஸ்ஸி என்று ஒரு குறி உண்டே, அதே எண்ணம்தான். இடைமுகச் சொற்களுக்கு அந்தக் கவனிப்பு எப்போதோ வந்துவிட்டது, தரவுத்தளப் பதிவுகளுக்கு மட்டும் நாம் ஏனோ செய்வதில்லை. பழசானதை மறைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளரின் பட்டியலில் மேலே வந்தால் போதும். மூலத்தில் காற்புள்ளி மட்டும் மாறியதா, பொருளே மாறியதா என்று அவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

#12 புதுவரவு

இடையில் ஒரு கேள்வி. காலி உரைக்கும் நல்லுக்கும் (null, மதிப்பே இல்லை என்ற நிலை) வேறுபாடு வைக்க வேண்டுமா? எங்கள் செயலியில் சுருக்கம் வேண்டாம் என்று வேண்டுமென்றே காலியாக விட்ட பக்கங்களிலும் ஃபால்பேக் வந்து ஆங்கிலம் தெரிகிறது.

#13 கீழ்வானம்

வைக்க வேண்டும், ஆனால் காலி உரையை நம்பி அல்ல. படிவங்கள் காலிப் பெட்டியைச் சில நேரம் காலி உரையாகவும் சில நேரம் நல்லாகவும் அனுப்பும், பொருள் குழம்பிவிடும். சேமிக்கும்போது காலியை எல்லாம் நல் (null) ஆக்குங்கள். “இந்த மொழியில் இது வேண்டாம்” என்பதைத் தனிக் குறியாகப் பதியுங்கள். எடுத்த முடிவையும் எடுக்காத முடிவையும் ஒரே வெற்றிடத்தால் சொல்ல முடியாது.

ஃபால்பேக் சங்கிலியை எழுதும்போதும் நிதானம் தேவை. மொழிக்குறிகளுக்கு பிசிபி 47 என்ற நெறி இருக்கிறது. அதன் தேடல் முறை வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கூறாக வெட்டிக்கொண்டே போகும்: கனடா பிரெஞ்சு இல்லையென்றால் பொதுப் பிரெஞ்சு. அதுவரை நல்லது. ஆனால் எழுத்து மாறும் மொழிகளில் எச்சரிக்கை. மரபுச் சீன எழுத்தைக் கேட்டவருக்கு வெறும் சீனம் என்று வெட்டி எளிமையாக்கிய எழுத்தைத் தருவது பலருக்கும் ஏற்பில்லாதது. செர்பியத்தில் சிரிலிக்குக்கும் லத்தீனுக்கும் அதே நிலை. சங்கிலியை நிரல் தானாக ஊகிக்க விடாமல், மொழிக்கு மொழி கையால் எழுதி வையுங்கள்.

#14 மரப்பாச்சி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். முடித்துவிட்டோம்.

வரலாற்றிலிருந்து ஒப்பிட்டதில் கலந்தவை தெளிவாகப் பிரிந்தன. பிரெஞ்சு நிறைவு 100-இலிருந்து 61 சதவீதத்துக்கு இறங்கியது. மேலாளரிடம் காட்டும்போது தயக்கமாக இருந்தது, ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு “இதுதான் எங்கள் கணக்கு” என்றார்கள். ஐயமானவை என்று ஒதுக்கியவற்றில் பெரும்பாலும் பெயர்ச்சொல் தலைப்புகள்தான், ஒரே மாலையில் பார்த்து முடித்தார்கள்.

திரைவாசி சொன்னபடி காட்டும் மெத்தட் இப்போது உரையும் மொழிக்குறியும் சேர்ந்த ஓர் இணையைத் தருகிறது. அதைச் செய்தபோது இன்னொன்று தெரியவந்தது. சுமார் 300 பதிவுகளில் முதலில் எழுதியது ஆங்கிலம் அல்ல, தமிழ். கல்வெட்டுத் துறையினர் தமிழில் எழுதியதை வேறொருவர் பின்னால் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். நாங்களோ ஆங்கிலம்தான் மூலம் என்று செயலி முழுக்கப் பதித்து வைத்திருக்கிறோம். அந்தப் பதிவுகளில் தமிழைத் திருத்தினால் எந்த மொழிபெயர்ப்பும் பழசானதாகக் காட்டவில்லை.

#15 வரிசைஎண்

மூல மொழி என்பது செயலியின் அமைப்பில் இருக்கக்கூடாது, பதிவின் நெடுவரிசையாக இருக்க வேண்டும். பதிப்பெண் ஒப்பீடு அந்த மொழியின் வரிசையோடு நடக்கட்டும். ஃபால்பேக் சங்கிலியின் கடைசிக் கண்ணியும் அதுவாகவே இருக்கட்டும், மூலம் மட்டும் எப்போதும் இருக்கும் என்பது உறுதி அல்லவா. கட்டாயம் நிரப்ப வேண்டிய புலம் என்ற விதியையும் மூல மொழி வரிசைக்கு மட்டும் வையுங்கள். இப்போது உங்கள் விதி ஆங்கிலத்தைக் கேட்கிறது என்றால், தமிழில் எழுதுபவர் சேமிக்க முடியாமல் ஆங்கிலப் பெட்டியில் எதையாவது இட்டு நிரப்பிக்கொண்டிருப்பார்.

#16 மரப்பாச்சி

பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்புப் பெட்டியில் ஒற்றைப் புள்ளி மட்டும் இருக்கும் பதிவுகள் 41. மூல மொழி நெடுவரிசையைச் சேர்த்து, கட்டாய விதியை மாற்றி, அந்த 41 புள்ளிகளையும் நல் (null) ஆக்கிவிட்டேன். கல்வெட்டுத் துறையில் சொல்லியாயிற்று, இனி ஆங்கிலப் பெட்டியைக் காலியாக விடலாம் என்று.